கையா, துப்பாக்கியா

ஆகஸ்ட் 19

மழை, சோள விலை, பேரப்பிள்ளைகள். இந்த மூன்றையும் பேசி முடித்தால் என் முடிவெட்டும் கடையில் அடுத்தது மான் வேட்டைதான். சீசனுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலியில் லீலண்ட். விதைச் சோளம் விற்கிறவன். வாயை விற்றால் இன்னும் நன்றாகப் போகும். பெஞ்சில் என் மைத்துனன் டுவேன். முன்னவன் மருந்துத் துப்பாக்கிக் கட்சி. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்து, கம்பியால் இடித்துச் சுடுகிற அந்தக் காலத்து வேலை. பின்னவன் ஷாட்கன் கட்சி. ரவைக்குப் பதில் கட்டை விரல் மொத்தத்துக்கு ஒற்றைக் குண்டு வைத்த தோட்டா.

"நூறு கஜத்துல காபி டின் மூடிக்குள்ள மூணு குண்டு போடுவேன். உன் ஷாட்கன் போடுமா?"

"நீ மூணாவது குண்டை இடிச்சு முடிக்கிறதுக்குள்ள உனக்குத் தாடி வளந்துரும். அதுவரைக்கும் மான் என்ன, போட்டோவுக்கா நிக்கும்?"

"சுடத் தெரிஞ்சவனுக்கு எதுக்குடா மூணு?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கத்தரி லீலண்டின் காதோரத்தில் இருந்தது. ஆடவில்லை. ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் வெட்டினேன்.

முடித்ததும் அவன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தான். "என்ன ஹார்லன், கத்தி போடலயா?"

"இப்பல்லாம் எவன் கத்தி போடுறான்? மிஷினே போதும்" என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவித்த சோளக்கதிரும் பன்றிக்கறியும். ஆர்லிஸ் காபியை அரைக் கோப்பைதான் ஊற்றினாள். தூள் விலை ஏறிவிட்டதா என்று கேட்டேன். "குடிச்சிட்டுக் கேளுங்க, மறுபடி ஊத்துறேன்" என்றாள். கலியாணமாகி முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு சிக்கனம் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 23

சர்ச் முடிந்ததும் டுவேனுடைய சரளைக்குழிக்குத் தனியாகப் போனேன். நூறு கஜத்தில் அட்டை வைத்து, மேசையில் மணல் மூட்டை போட்டு, ஷாட்கனில் ஐந்து தோட்டா. ஐந்தும் ஐந்து திசைக்குப் போயின. ஒன்று அட்டையிலேயே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே துப்பாக்கியில், இதே பெட்டித் தோட்டாவில், ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம், அத்தனை நெருக்கமாக விழும்.

குறிபார்க்கிற ஸ்கோப்புக்குள் அந்தக் கூட்டல் குறி ஆடுகிறது. மூச்சைப் பிடித்தாலும் ஆடுகிறது.

போன டிசம்பரில் சுட்ட உதையில் இதே ஸ்கோப் பின்னால் வந்து இடித்து என் புருவத்தைக் கிழித்தது. தழும்பைக் காட்டி ஊரே சிரித்து முடித்தாயிற்று. அன்றைக்கு வெறும் ரத்தம்தான். இது வேறு.

அப்பாவுக்கு அறுபத்தொரு வயதில்தான் நடுக்கம் ஆரம்பித்தது. வலது கை. முதலில் ஸ்பூன் தட்டில் படும் சத்தம், டக் டக் டக் என்று. நாங்கள் எல்லோரும் கேட்காத மாதிரிச் சாப்பிடுவோம். கடைசி மூன்று வருடம் அம்மாதான் ஊட்டிவிட்டாள். அக்டோபரில் எனக்கு அறுபத்தொன்று. கடையில் சவரக்கத்தியை எடுக்காததும் அந்தப் பயத்தில்தான்.

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். குறையக் காணோம்.

ஆகஸ்ட் 26

யோசித்துப் பார்த்தேன். ஷாட்கனுக்கு வயதாகிவிட்டது. குழல் தேய்ந்திருக்கலாம், ஸ்கோப் இடித்த இடியில் அதன் உள்ளே ஏதாவது நகர்ந்திருக்கலாம். வேறொரு துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், கோளாறு கையிலா துப்பாக்கியிலா என்று.

ஆகஸ்ட் 29

மருந்துத் துப்பாக்கி வாங்கிவிட்டேன். புதுத் தினுசு, ஸ்கோப்போடு. ஆர்லிஸ் பெட்டியைச் சுற்றி வந்தாள்.

"லீலண்ட் மந்திரிச்சிட்டானா?"

"சும்மா ஒரு ஆசைதான்."

"டுவேன்கிட்ட நீங்களே சொல்லிக்கோங்க. நடுவுல நான் வரமாட்டேன்."

செப்டம்பர் 6

கடவுளுக்கு நன்றி. நன்றி. நன்றி.

முதல் குண்டு எங்கோ போனது. எண்ணெய் போட்ட குழலில் முதல் குண்டு எல்லோருக்கும் அப்படித்தான் போகும், லீலண்ட் முன்னாலேயே சொல்லியிருந்தான். பிறகு ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் குழலுக்குள் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, பிறகு மருந்து, குண்டு, இடி, கடைசியில் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு. பிள்ளை வளர்ப்பதே சுலபம். முகமெல்லாம் புகை, அழுகிய முட்டை நாற்றம். ஆனால் அடுத்த மூன்று குண்டும் காபி டின் மூடிக்குள்!

ஆக, துப்பாக்கிதான். ஷாட்கன்தான் கிழடு, நான் இல்லை. வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன். சர்ச் பாட்டுத்தான், ஆனால் சர்ச்சில் யாரும் அவ்வளவு சத்தமாகப் பாட மாட்டார்கள்.

செப்டம்பர் 13

திரும்பப் போயிருக்கக் கூடாது.

மருந்துத் துப்பாக்கியும் சிதறிவிட்டது. முதல் இரண்டு சுமார், அப்புறம் இடது கீழே, அதற்கும் கீழே, பிறகு மண். ஷாட்கனையும் எடுத்துச் சுட்டேன். அதுவும் இடது கீழே. எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் ஒரே மூலைக்குத்தான் போகிறது.

செப்டம்பர் 14

ஒரு துப்பாக்கி பொய் சொல்லலாம். இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுமா?

செப்டம்பர் 22

இன்றும் அரைக் கோப்பைக் காபிதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 30

இந்த நோய் வந்தால் எழுத்து சிறுத்துப்போகும் என்று எங்கோ படித்தேன். பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்றைக்கும் கோழி கிளறியதுதான். இன்றைக்கும் அதே கோழிதான். இதில் ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.

அக்டோபர் 4

டுவேனிடம் சொல்லிவிட்டேன், இந்த டிசம்பரில் விரட்டுக்கு வரவில்லை என்று.

எங்கள் விரட்டில் பாதிப் பேர் ஓடைப் புதருக்குள் சத்தம் போட்டுக்கொண்டு நடப்பார்கள், மீதிப் பேர் மறுமுனையில் நிற்போம். மேற்கு வேலி மூலை என்னுடையது. புதரிலிருந்து முதலில் மான் வரும், பின்னாலேயே ஆரஞ்சு மேலங்கியோடு டுவேன் வருவான். நம் கை நம் சொல் கேட்கும் என்ற நம்பிக்கையில்தான் அவன் நடந்து வருகிறான். என் கை கேட்கவில்லை என்றால்? மானுக்கும் அவனுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும்?

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. ஷாட்கன் சீசன் உரிமத்துக்குப் பதில் வருடக் கடைசியில் வரும் மருந்துத் துப்பாக்கி சீசனுக்கு எடுத்துத் தனியாகப் போகிறேன் என்றேன்.

"லீலண்ட் கட்சிக்குப் போயிட்டீங்களா மச்சான்?"

"கட்சி என்னடா கட்சி. துல்லியமா இருக்குன்னு…"

"மேற்கு மூலைக்கு நான் யாரை நிறுத்துவேன்?"

"யாரையாவது நிறுத்து."

"யாரையாவதா?" என்றான். அவன் அக்காவையே வேண்டாம் என்று நான் சொல்லிவிட்ட மாதிரிக் கேட்டான். பிறகு காபியைக் கூடத் தொடாமல் போய்விட்டான். அவனை நோகடித்துவிட்டேன், தெரியும். வேறு வழி தெரியவில்லை.

அக்டோபர் 11

பிறந்தநாள். ஆர்லிஸ் பீன்ஸ்-கறிக் குழம்பும் பட்டைப்பொடி ரொட்டியும் செய்திருந்தாள். இனிப்பு ரொட்டியைக் காரக் குழம்பில் முக்குவதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார்கள், நஷ்டம் அவர்களுக்கு. ஸ்பூனை இடது கையில் பிடித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

டுவேன் வாசலில் நின்றே பேசினான். "ஒரு பந்தயம். அறுப்பு முடிஞ்சதும் குழியில உங்க புது மனைவி அந்த மருந்துத் துப்பாக்கியும் என் ஷாட்கனும். நூறு கஜம், மூணு மூணு குண்டு. நீங்க ஜெயிச்சா நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் ஜெயிச்சா டிசம்பர்ல மேற்கு மூலையில நீங்க நிக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறந்தநாள் அதுவுமாக வீம்பு.

நவம்பர் 6

நாளைக்குப் பந்தயம், தெரிந்துவிடும். டுவேன் முட்டாள் இல்லை. நான் சுடுவதைப் பார்த்தால் புரிந்துகொள்வான். அவனிடமிருந்து ஆர்லிஸுக்குப் போகும். ஆர்லிஸுக்குப் போனால் அம்மா ஊட்டிவிட்ட அந்தக் கடைசி மூன்று வருடம் இவளுக்கு… வேண்டாம். படுக்கிறேன்.

நவம்பர் 7

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். கை நடுங்குகிறது. சந்தோஷத்தில். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

முதலில் டுவேன் சுட்டான். அவன் வழக்கம் போலத் தோளில் அறை வாங்கிக்கொண்டு மூன்று சுட்டான். மூன்றரை அங்குலத்துக்குள் மூன்றும். குதித்தான். பிறகு என் முறை. நான் குழலைத் துடைத்து, குண்டை எடுத்து, இடிகம்பியை எடுத்து… அவன் வாய் நிற்கவில்லை.

"என்ன மச்சான், மருந்து அரைக்கிறீங்களா? கஷாயமா? எனக்கு ரெண்டு வேளைக்கு மடிச்சுக் குடுங்க. அங்க பாருங்க, மான் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேத்துருச்சு."

"வாயை மூடுடா" என்று சொல்லிக்கொண்டே இடித்தேன். கேப்பை வைத்தேன். கட்டையைத் தோளில் அணைத்து, கூட்டல் குறியை நடுவில் வைத்து, விசையை அழுத்தினேன்.

பட்.

அவ்வளவுதான். தீபாவளித்துப்பாக்கிப் பொட்டு மாதிரி ஒரு பட். புகையில்லை, உதையில்லை. ஆனால் என் துப்பாக்கி! மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு இடது பக்கம் கீழே பாய்ந்திருந்தது. இரண்டு கண்ணும் இறுக்கமாக மூடியிருந்தன. தோள் காதுவரை ஏறியிருந்தது.

(தீபாவளி என்றால் என்ன என்று எங்கள் ஊரில் என்னைத் தவிர எவனுக்கும் தெரியாது. கடைக்கு எதிரே விடுதி நடத்தும் பட்டேல் வீட்டில் வருடம் தவறாமல் கூப்பிட்டு வெடி வெடிப்பார்கள். அது கிடக்கட்டும்.)

"அப்படியே பிடிங்க, திருப்பாதீங்க" என்றான் டுவேன். மருந்து தாமதமாகப் பற்றினாலும் பற்றும். காத்திருந்தோம். ஒன்றுமில்லை. கேப்பை எடுத்துவிட்டு, கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தான். மருந்தும் குண்டும் சரியாக இருந்தால் கம்பியில் போட்ட கோடு குழல் வாயில் நிற்க வேண்டும். இரண்டு விரல் கீழே போய்விட்டது.

"மருந்தே போடல நீங்க! வெறும் குண்டை இடிச்சு வச்சிருக்கீங்க!" விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அவமானமாக இருந்தது. மருந்துத் துப்பாக்கிக்காரன் செய்யக்கூடாத தப்பு, ஊர் முழுக்கத் தெரியும், லீலண்ட் சாகும்வரை சொல்லுவான்.

சட்டென்று டுவேன் சிரிப்பதை நிறுத்தினான்.

"மச்சான். இன்னொரு தடவை பண்ணுங்க."

"என்னத்தை?"

"குழல் மூக்கு கீழ முங்குச்சே, அந்த முங்கல்."

பின்பக்கத் திருகைக் கழற்றிக் குண்டை வெளியே தள்ளினான். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனே எனக்காகக் கெட்டித்துத் தந்தான். மருந்து இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லவில்லை. முதல் தடவை, பட், மூக்கு மண்ணில். இரண்டாம் தடவை, பட், மூக்கு மண்ணில். மூன்றாம் தடவை நிஜமாகவே வெடித்தது, குண்டு அதே இடது கீழ் மூலைக்குப் போனது.

"மச்சான், விசையைத் தொடுற வரைக்கும் குழல் கல்லு மாதிரி நிக்குது. நான் பக்கத்துல இருந்து பாக்கறேன்ல. தொட்ட உடனே நீங்க பயந்து முங்குறீங்க. போன வருஷம் புருவத்தைக் கிழிச்சதே, அதுலயிருந்து துப்பாக்கி கடிக்கும்னு உங்க உடம்பு முடிவு பண்ணிருச்சு."

ஆக, புதுத் துப்பாக்கியை முதல் நாள் மட்டும்தான் என் உடம்பு நம்பியிருக்கிறது.

"ஸ்கோப்புல ஆடுதே?"

"எத்தனை மடங்குல வச்சிருக்கீங்க?"

"ஒன்பது."

"ஒன்பது மடங்கு பெரிசாக்கிப் பாத்தா கல்லறைச் சிலை கையும் ஆடும். என் கையும்தான் ஆடுது. மூணுல வைங்க."

மூன்றில் வைத்தேன். ஆட்டம் நின்றது.

அப்படியே மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள். டுவேன் பயந்துவிட்டான். "என்ன மச்சான், மருந்து போட மறந்ததுக்கா?" என்றான். அப்போதுதான் சொன்னேன். அப்பா, ஸ்பூன், சவரக்கத்தி, மேற்கு மூலை, எல்லாவற்றையும்.

கடைசியில், "ஆக, உங்களுக்கு நோய் இல்ல. நீங்க வெறும் பயந்தாங்கொள்ளி" என்றான்.

பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இருட்டும்வரை அதையே செய்தோம். மருந்து உண்டா இல்லையா தெரியாமல், ஷாட்கனிலும் அதே மாதிரி வெற்றுத் தோட்டாவைக் கலந்து. உடம்புக்கு மெல்ல மெல்லப் புத்தி வந்தது. கடைசி மூன்று குண்டு: மருந்துத் துப்பாக்கியில் இரண்டு அங்குலம். ஷாட்கனில் மூன்றே முக்கால். லீலண்ட் சொன்னது சரிதான். டுவேனிடம் அதை நான் சொல்லவில்லை, அவனும் அட்டையை அளக்கவில்லை.

நவம்பர் 8

ஆர்லிஸிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கடை டவலெல்லாம் யார் துவைக்கிறா? மார்ச்லயிருந்து ஒரு டவல்லகூட சோப்பு நுரை இல்ல. கத்தியை எடுக்கலைன்னா ஏன் எடுக்கலை? எனக்கு யோசிக்கத் தெரியாதா?"

"கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே பயத்தைக் காவல் காத்திருக்கிறோம். பதினேழாம் தேதிக்கு டாக்டரிடம் இவளே நேரம் வாங்கி வைத்திருக்கிறாள், அறுப்பு முடியட்டும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். பயந்தாங்கொள்ளிக்கு எதற்கு டாக்டர் என்றேன். "எனக்காக வாங்க" என்றாள். சரி என்றேன்.

நவம்பர் 17

டாக்டர் ஹோல்வர்சன் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், காகிதத்தில் சுருள் போடச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார். அப்பாவைப் பற்றி நிறையக் கேட்டார். ஆர்லிஸ் கைப்பையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அந்த நோய்க்கான அடையாளம் எதுவும் இப்போ இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, அது போதும். ஏன் இத்தனை மாசம் வரல?"

"துப்பாக்கியை வச்சு சோதிச்சுக்கிட்டிருந்தேன் டாக்டர்."

அவர் ஆர்லிஸைப் பார்த்தார். ஆர்லிஸ் கூரையைப் பார்த்தாள்.

நவம்பர் 20

லீலண்டுக்குக் கத்தி போட்டேன். வெந்நீர்த் துண்டு, நுரை, பின்கழுத்து முழுக்க. ஒரு கீறல் இல்லை. "மிஷினே போதும்னியே?" என்றான். "உன் கழுத்துக்குப் பத்தாது" என்றேன். மருந்து போட மறந்த கதை அவனுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. கத்தி கழுத்தில் இருந்ததால் அளவோடு சிரித்தான்.

டிசம்பர் 5

மேற்கு மூலை. ஷாட்கனைத்தான் எடுத்துப் போனேன். துல்லியத்தில் அது இரண்டாமிடம், ஆனால் என்னைக் கடித்தது அதுதான், கணக்கை அதனோடுதான் தீர்க்க வேண்டும். காலையில் புதருக்குள் டுவேனின் கூச்சல் கேட்டது. பெண்மான் ஒன்று வேலியோரம் நாற்பது கஜத்தில் வந்து நின்றது. அவன் இன்னும் வெகு வலப்பக்கத்தில். ஆரஞ்சு நிறம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஒரே தோட்டா. மான் நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

நாற்பது கஜத்தில் எந்தத் துப்பாக்கி துல்லியம் என்று கேட்பது வீண். இதைக் கடையில் சொன்னால் பேச்சே முடிந்துபோகும், அதனால் சொல்ல மாட்டேன்.

டுவேன் மூச்சு வாங்க வந்தான். மானைப் பார்க்கவில்லை, என் புருவத்தைத்தான் முதலில் பார்த்தான். "கடிச்சுதா?"

"இல்லடா."

டிசம்பர் 6

சர்ச்சுக்குக் கிளம்பும் முன் காபி. ஆர்லிஸ் ஊற்றினாள். பாதியில் நிற்பாள் என்று பார்த்தேன், நிற்கவில்லை. முக்கால் தாண்டியது, விளிம்பைத் தொட்டது, ததும்பி நின்றது. கெட்டிலை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சிந்திவிடுமோ என்று நான் குனிந்து உறிஞ்சப் போனேன்.

"மாடு மாதிரிக் குனியாதீங்க" என்றாள். "தூக்கிக் குடிங்க."

தூக்கிக் குடித்தேன்.